சீல் பிரித்த பதினான்கு டப்பாக்கள்

அந்தக் குளிர்பதனக் கிடங்கில் ஸ்டோர் அக்காவின் கோபத்துக்கு அஞ்சாதவர்கள் இருவர்தாம். ஒருவர் மேனேஜர், அவர் தம் அறையை விட்டு ஸ்டோர் ஜன்னல் பக்கம் வருவதே இல்லை. மற்றவன் அக்காவின் உடன்பிறந்த தம்பி. அவன் அந்தக் கோபத்தைத் தின்றே வளர்ந்தவன். எஞ்சிய அத்தனை பேரும், ஒரு ஜோடிக் கையுறை வாங்க வந்தாலும், ஜன்னலுக்கு இரண்டடி முன்னாலேயே நின்று சட்டைப் பொத்தானைச் சரிபார்த்துக்கொள்வார்கள்.

அக்காவுக்கு வயது ஐம்பத்து மூன்று. அந்தக் கம்பி ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்து இருபத்தாறு ஆண்டுகள் ஆகியிருந்தன. கையெழுத்து இல்லாமல் ஒரு திருகாணிகூட வெளியே போகாது. பழையதைக் கொண்டுவந்து போட்டால்தான் புதியது கிடைக்கும். பேச்சு வெட்டு ஒன்று, துண்டு இரண்டு. தம்பிக்குக் கல்யாணமாகிப் பிள்ளைகள் பிறந்த பிறகும் அவர் அதே வீட்டின் மாடி அறையில் இருந்தார். வீட்டிலும் அரிசி முதல் சோப்பு வரை அவர் சாவியில்தான் அடக்கம் என்று தம்பியின் மனைவி அக்கம்பக்கத்தில் சொல்லிச் சிரிப்பாள். அதை அக்காவின் காதுபடவும் சொல்வாள்.

எந்தப் பொருளைக் கையில் எடுத்தாலும் அவர் முதலில் பார்ப்பது தேதியைத்தான். ரப்பர் வளையமா, தேதி. தீயணைப்பானா, தேதி. சில ஆண்டுகளுக்கு முன்பு ஒரு வியாபாரி, காலாவதியான ஃபில்டர்களின் மேல் புதுத் தேதி அச்சடித்த காகிதத்தை ஒட்டி அனுப்பிவிட்டான். அக்கா நகத்தால் சுரண்டிப் பழைய தேதியை வெளியே கொண்டுவந்தார். பெட்டியைத் தூக்கிப்போய் லாரிக்காரர் மடியிலேயே வைத்துவிட்டு, "இதை உங்க முதலாளி மூஞ்சியில மாட்டிக்கச் சொல்லுங்க" என்றார். அந்த வாசகம் கிடங்கில் வெகுகாலம் வழங்கியது.

ஃபில்டர் என்பது முகமூடியின் முன்னால் திருகப்படும் வட்டமான தகர டப்பா. தொழிலாளர்களும் அதை டப்பா என்றே சொல்வார்கள். உள்ளே பதப்படுத்திய கரி இருக்கும். அந்தக் கிடங்கில் மலைபோல் அடுக்கியிருந்த கிழங்கையும் பழத்தையும் கெடாமல் காத்தது அமோனியா. குழாய்க்குள் அடங்கியிருக்கும்வரை அது சொன்னபடி கேட்கும். வெளியே வந்துவிட்டாலோ, கண்ணையும் நெஞ்சையும் சேர்த்துச் சுட்டுவிடும். ஆகவே மெஷின் அறைக் கதவுக்கு உட்புறம் பதினான்கு ஆணிகள் அடித்து, பதினான்கு முகமூடிகளைத் தொங்கவிட்டிருந்தார்கள். மாதத்தின் முதல் நாள் அக்கா பதிவேட்டுடன் அங்கே போவார். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு ஒவ்வொரு டப்பாவின் தேதியையும் படித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு டிக் போடுவார். அந்த மாதக் கணக்கின்படி, எல்லா டப்பாக்களுக்கும் இன்னும் பதினாறு மாத ஆயுள் இருந்தது.

அந்த டப்பாக்கள் தொங்கிய முறைக்கு ஒரு காரணம் உண்டு. ஒன்பது ஆண்டுகளுக்கு முன்பு ஒரு குழாய் வெடித்தது. அப்போது மெஷின்களுக்கு எண்ணெய் விடும் வேலையில் ஒருவன் இருந்தான். எந்நேரமும் சீட்டியடித்துக்கொண்டிருந்ததால் அவனுக்கு விசில் என்று பெயர். தம்பிக்கு அவன் உயிர்த்தோழன். அந்தக் காலத்தில் டப்பாக்கள் சீல் பிரிக்காமல் முகமூடிக்குப் பக்கத்திலேயே வைக்கப்பட்டிருக்கும். வேண்டும்போது பிரித்துத் திருகிக்கொள்ள வேண்டும். அன்று தம்பி ஈரச் சாக்கை முகத்தில் சுற்றிக்கொண்டு உள்ளே பாய்ந்து விசிலை இழுத்துவந்தபோது, விசிலின் உயிர் போயிருந்தது. அவன் கையில் டப்பா இருந்தது. சீலும் அப்படியே இருந்தது.

அதற்குப் பிறகு தம்பி ஒரு வழக்கத்தைக் கொண்டுவந்தான். புது டப்பா வந்த அன்றே சீலைப் பிரித்து, முகமூடியில் திருகி, தயாராகத் தொங்கவிட்டுவிட வேண்டும். ஆபத்தில் யாரும் சீலோடு மல்லுக்கட்டக் கூடாது. ஆட்கள் அதைத் தலைமேல் வைத்துக் கொண்டாடினார்கள். சோதனைக்கு வந்த அதிகாரிகள்கூட, ஆணியில் வரிசையாகத் தொங்கிய முகமூடிகளைப் பார்த்து, தயார்நிலை என்றால் இதுதான் என்று பாராட்டிவிட்டுப் போனார்கள். அக்காவோ ஒரு படி மேலே போனார். ஆட்களுக்கு எதற்குச் சிரமம் என்று, டப்பாவைக் கொடுக்கும்போதே தம் மேசைக் கத்தியால் சீலை அறுத்துக் கொடுத்தார். அந்தக் கத்தியில் அவருக்கு ஒரு பெருமையே உண்டு.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை, இரண்டாம் மெஷினின் வால்வுக் கழுத்தில் கசிவு கண்டது. தம்பி அங்கே ஃபிட்டர். முகமூடியை மாட்டிக்கொண்டு உள்ளே போனான். போன வேகத்திலேயே திரும்பிவந்தான். சற்று நேரத்தில் ஸ்டோர் ஜன்னலில் அந்த முகமூடி டப்பாவோடு வந்து விழுந்தது. தம்பியின் கண்கள் இரண்டும் செக்கச்செவேலென்றிருந்தன.

"அக்கா, இது வேலை செய்யல."

அக்கா டப்பாவைத் திருப்பிப் பார்த்தார். "பதினாறு மாசம் இருக்கு. கண்ணு தெரியுதா உனக்கு?"

"கண்ணு எரியுது. அதைத்தான் சொல்ல வந்தேன். முப்பது எண்ணுறதுக்குள்ள உள்ள வாசனை வந்துடுச்சு."

"வாரை ஒழுங்கா இறுக்கியிருக்க மாட்ட."

"பதினெட்டு வருஷமா இறுக்குறேன்க்கா."

"தேதி இருக்குடா. நான் மாசாமாசம் பாக்குறேன்."

"தேதி உனக்குத் தெரியும். என் மூக்குக்குத் தெரியாதுல்ல?"

ஜன்னலுக்கு வெளியே நின்ற இருவர் சிரித்துவிட்டார்கள். அக்காவுக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. இருபத்தாறு ஆண்டுகளில் அவருடைய பதிவேட்டை யாரும் அப்படி ஏளனம் செய்ததில்லை. பயந்தாங்கொள்ளி என்று தம்பியை எல்லார் முன்னாலும் திட்டினார். அவன் முகமூடியை அங்கேயே விட்டுவிட்டுப் போனான்.

மெஷின் அறை ஃபோர்மனும் அக்காவின் கட்சியைத்தான் எடுத்தார். சவரம் செய்யாத முகத்தில் முகமூடி படியாது என்றார். அது உண்மைதான், ஆனால் தம்பியின் தாடை அன்று கண்ணாடிபோல் இருந்தது. எனவே ஃபோர்மன் அந்தக் கட்சியைக் கைவிட்டு, வேறொரு கட்சிக்கு மாறினார்: ஆள் பழைய சாவை நினைத்து மிரண்டுவிட்டான். மேனேஜருக்கு அந்தச் சொல் மிகவும் பிடித்துப்போயிற்று. தம்பி அந்த டப்பாக்களோடு இனி உள்ளே போவதில்லை என்று மறுத்ததும், கீழ்ப்படியாமைக்காகத் தற்காலிக வேலைநீக்கம் என்று மதியத்துக்குள் ஆணை தயாராகிவிட்டது. மறுநாள் காலை ரெட்டை உள்ளே போவான் என்றும் முடிவாயிற்று. ரெட்டை என்பவன் அடுத்த ஃபிட்டர். அவனுக்குப் போன ஆண்டுதான் இரட்டைப் பெண் குழந்தைகள் பிறந்திருந்தன. அக்காவிடம் மேனேஜர் கேட்டது ஒரே ஒரு தாள். பதினான்கு டப்பாக்களும் காலாவதியாகாதவை என்று ஸ்டோர் எழுதித் தந்தால், தம்பியின் மேல் எடுத்த நடவடிக்கைக்கு ஆதாரம் பலமாகிவிடும்.

அக்கா மறுக்கவில்லை. தம்பிதான், ஆனாலும் தப்புத் தப்புத்தான் என்று பல்லைக் கடித்துக்கொண்டு எழுத உட்கார்ந்தார். வெறும் வாக்குமூலமாக இல்லாமல், டப்பாவைச் செய்த கம்பெனியின் வாசகத்தையே எடுத்துக்காட்டினால் யாரும் வாய் திறக்க மாட்டார்கள் என்று தோன்றியது. எந்தக் காகிதத்தையும் தூக்கி எறியாதவர் அவர். மேசையின் அடி இழுப்பறையில், டப்பாப் பெட்டியோடு வந்த குறிப்புத்தாள் மடிப்புக் கலையாமல் இருந்தது. எறும்பு ஊர்ந்ததுபோன்ற எழுத்து. பூதக்கண்ணாடியை வைத்துப் படித்தார். குறித்த தேதி வரை ஃபில்டர் பயன்படுத்தத் தக்கது என்ற வரியைத் தேடிக் கண்டுபிடித்தார். அதைப் பாதி எழுதினார்.

அந்த வாக்கியம் அங்கே முடியவில்லை. சீல் பிரிக்கப்படாமல், உலர்ந்த இடத்தில் வைத்திருந்தால் மட்டுமே அந்தத் தேதி செல்லும் என்று தொடர்ந்தது. அடுத்த வரி இன்னும் தெளிவாக இருந்தது. சீல் பிரித்துவிட்டால், ஒரு முறைகூடப் பயன்படுத்தாவிட்டாலும், ஆறு மாதத்துக்குள் மாற்றிவிட வேண்டும். வாயு பட்ட ஃபில்டரை அதற்கும் முன்பே மாற்ற வேண்டும்.

அக்கா அதை மூன்று முறை படித்தார். அந்தப் பதினான்கு டப்பாக்களும் வந்து மூன்று ஆண்டுகள் ஆகியிருந்தன. வந்த அன்றே அத்தனையின் சீலையும் அறுத்தாயிற்று. மெஷின் அறையில் மெலிதான அமோனியா வாடை இல்லாத நாளே கிடையாது; சுவரில் ஈரம் வழியாத நாளும் கிடையாது. அந்த வாடையையும் ஈரத்தையும் டப்பாக்கள் மூன்று ஆண்டுகளாக, இரவும் பகலும், ஆணியில் தொங்கியபடியே குடித்துக்கொண்டிருந்தன. யார் மூச்சுக்கும் உதவுவதற்கு முன்னாலேயே அவற்றின் உயிர் போய்விட்டிருந்தது. அவரோ மாதம் தவறாமல் போய், பிணத்துக்கு நாடி பிடித்துப் பார்த்து, நலம் என்று டிக் போட்டுக்கொண்டிருந்தார்.

அவருக்கு அழுகை வரவில்லை. உச்சந்தலை வரை சூடு ஏறியது. படிக்கத் தெரியாதவளாக இருந்திருந்தால் மன்னிப்பு உண்டு. தாள் கையெட்டும் இழுப்பறையில் கிடந்திருக்கிறது. பிறர் ஒட்டிய பொய்த் தேதியை நகத்தால் சுரண்டிக் கண்டுபிடித்தவருக்கு, மெய்யான தேதிக்கு அடுத்த வரியைப் படிக்க மூன்று ஆண்டுகளாக நேரம் கிடைக்கவில்லை.

எழுதிய தாளை நான்காகக் கிழித்தார். ஒரு பிளாஸ்டிக் கூடையை எடுத்துக்கொண்டு மெஷின் அறைக்குப் போனார். கசிந்த மெஷினின் இரு பக்க வால்வுகளையும் மூடி, காற்றாடிகளை ஓடவிட்டிருந்ததால் வாடை குறைந்திருந்தது. கதவு திறந்தே கிடந்தது. எட்டிக் கை நீட்டி ஆணிகளிலிருந்து முகமூடிகளை ஒவ்வொன்றாக எடுத்தார். ஃபோர்மன் ஓடிவந்து, மேனேஜரைக் கேட்டுக்கொண்டு அப்புறம் எடுக்கலாமே என்று இழுத்தார். அக்கா அவரைப் பார்த்த பார்வையில் அவர் கூடையின் மறு பக்கத்தைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு ஸ்டோர் வரை வந்தார்.

ஸ்டோரில் திருகாணிகளை எடைபோடும் மின்தராசு இருந்தது. அக்கா முதலில் எடைக்கல்லை வைத்து அதைச் சரிபார்த்தார். டப்பாவின் பக்கவாட்டில், கம்பெனியிலிருந்து புறப்பட்டபோது இருந்த எடை அச்சாகியிருந்தது: இருநூற்றுத் தொண்ணூறு கிராம். ஆணியிலிருந்து வந்த முதல் டப்பா முந்நூற்றுப் பதினைந்து காட்டியது. அடுத்தது முந்நூற்றுப் பதினெட்டு. தம்பி மாட்டிக்கொண்டு போனது முந்நூற்று இருபத்து இரண்டு. இரண்டாம் மெஷினுக்கு மிக அருகில் தொங்கியது முந்நூற்று முப்பத்து நான்கு. ஃபோர்மன் ஒவ்வொரு எண்ணையும் உதடு அசையப் படித்தார். பத்தாவது டப்பாவில் அவருக்கு விஷயம் புரிந்துவிட்டது, முகத்தில் ஈயாடவில்லை. அந்தப் பதினான்கில் ஒன்று அவருடையது.

"இதைப் போட்டுக்கிட்டுத்தானே நானும் போன மாசம் எட்டிப் பாத்தேன்" என்றார் மெதுவாக.

"எட்டிப் பாத்ததால பொழச்சீங்க" என்றார் அக்கா.

எடைகளையெல்லாம் ஒரு தாளில் வரிசையாக எழுதி, குறிப்புத்தாளோடு சேர்த்து, அக்கா மேனேஜரின் மேசையில் வைத்தார். மேனேஜர் மூடர் அல்லர். ஒரே மூச்சில் படித்துப் புரிந்துகொண்டார். புரிந்துகொண்டதும் அவருடைய முகம் தெளிந்ததுதான் அக்காவுக்கு வியப்பாக இருந்தது.

"நல்லவேளை நீங்க பாத்தீங்க. விஷயம் சுலபமாப் போச்சு" என்றார் மேனேஜர். "சீலைப் பிரிக்கணும்னு வழக்கம் கொண்டுவந்தது உங்க தம்பி. அதை அப்படியே எழுதிக் குடுத்துடுங்க. ஸ்டோர் மேல ஒரு தூசியும் விழாது."

"நாளைக்கு ரெட்டை எதைப் போட்டுக்கிட்டுப் போவான்?"

"புதுசு வர ஒரு வாரம் ஆகும்மா. அதுவரைக்கும் மெஷினை நிறுத்தி வச்சா சரக்கு என்ன ஆகறது? அஞ்சு நிமிஷ வேலை. இதையே போட்டுக்கிட்டு ஓடிப்போய் முடிச்சிட்டு வந்துடட்டும்."

"என் தம்பி முப்பது எண்ணுறதுக்குள்ள வெளிய வந்திருக்கான் சார். மிச்ச நேரத்துக்கு ரெட்டை மூச்சைக் கதவுகிட்ட வச்சிட்டா போவான்?"

மேனேஜர் பதில் சொல்வதற்குள் அக்கா தொடர்ந்தார். குரல் உயரவில்லை. "வழக்கம் அவன் கொண்டுவந்தது. அறுத்த கத்தி என்னுது. மூணு வருஷமா டிக் போட்ட கை என்னுது. ஒவ்வொரு மாசமும் பக்கத்துக்குக் கீழ கையெழுத்துப் போட்ட கை உங்களுது. நான் எழுதித்தான் தரப்போறேன். மூணையும் எழுதுவேன்."

அவர் எழுதிக் கொடுத்தது ஒரு பக்கக் கடிதம். அதில் ஒரு சொல்லும் கூடுதல் இல்லை. பூசி மெழுகலும் இல்லை. கொடுத்துவிட்டு நேரே ஸ்டோருக்கு வந்தார். தீர்ந்துபோன ஃபில்டரை மறுபடி யாரும் பயன்படுத்தாதபடி சேதப்படுத்திவிட வேண்டும் என்பதும் அந்த எறும்பு எழுத்தில் இருந்தது. அக்கா ஒரு நீள ஆணியும் சுத்தியலும் எடுத்துக்கொண்டார். டப்பாக்களைப் பின்முற்றத்துச் சிமெண்டுத் தரையில் வரிசையாக வைத்தார். குனிந்து, ஒவ்வொன்றின் நடுவிலும் ஆணியை வைத்து அடித்தார். ஓர் அடியில் இறங்காததை மூன்று அடி அடித்தார். கரி தெறித்து அவர் சேலையெல்லாம் கறுத்தது. சுமைதூக்கும் ஆட்கள் வண்டிகளை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். ஒன்பதாவது டப்பாவில் ஃபோர்மன் வந்து, தாம் அடிக்கட்டுமா என்று கேட்டார். உங்களுடையதை மட்டும் அடியுங்கள் என்று அதை அவர் பக்கம் தள்ளிவிட்டார் அக்கா.

முகமூடி இல்லாமல் மெஷின் அறையில் கசிவு வேலை செய்யக் கூடாது என்பது சுவரில் எழுதி ஒட்டியிருந்த விதி. இப்போது அந்தக் கிடங்கு முழுவதும் தேடினாலும் ஒரு டப்பா கிடையாது. இரண்டாம் மெஷினை நிறுத்தியே வைக்க வேண்டியதாயிற்று. மாலைக்குள் இரண்டு அறைகளில் குளிர் குறைந்தது. சரக்குக்காரர்களின் தொலைபேசி மணி மேனேஜரை உட்கார விடவில்லை. அவரும் ஊரெல்லாம் தொலைபேசினார். ஒரு வாரம் ஆகும் என்று சொன்ன டப்பாக்கள் மறுநாள் பகல் பதினொரு மணிக்கே ஸ்டோர் வாசலில் வந்து இறங்கின. அக்கா தேதியைப் பார்த்தார். சீலைப் பார்த்தார். குறிப்புத்தாளை முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்து வரை நின்றபடியே படித்தார்.

ரெட்டை உள்ளே போகத் தயாராக வந்து நின்றான். அவனுக்குப் பின்னால் தம்பியும் வந்து நின்றான். வேலைநீக்கத்தில் இருப்பவனைக் காவலாளி உள்ளே விட்டதே பெரிய விஷயம். அந்த வால்வின் கோணல் தனக்குத்தான் தெரியும், ரெட்டை தேடித் தடவிக்கொண்டிருந்தால் இரண்டு மடங்கு நேரம் உள்ளே இருக்க வேண்டிவரும், தானே போகிறேன் என்றான் அவன். அக்கா வேலைநீக்க ஆணையை ரத்துசெய்து எழுத்தில் கொண்டுவரச் சொன்னார். வாயால் சொன்னால் போதாதா என்று மேனேஜரிடமிருந்து ஆள் வந்தது. டப்பாவும் வாயால்தான் கிடைக்கும் என்று அக்கா சொல்லியனுப்பினார். கால் மணி நேரத்தில் கையெழுத்தோடு தாள் வந்தது.

முந்தின நாள் முதல் தம்பி அக்காவுடன் பேசவில்லை. தன் வழக்கம் தப்பு என்று மேனேஜரிடம் எழுதிக் கொடுத்தவரோடு ஒரே கூரையின் கீழ் இருந்து சாப்பிட மாட்டேன் என்று மனைவியிடம் சொல்லி, தட்டை எடுத்துக்கொண்டு வாசலில் போய் உட்கார்ந்து சாப்பிட்டிருந்தான். இப்போது ஜன்னலில் கையை நீட்டினான்.

"அறுத்துக் குடு."

"மாட்டேன். சீலோடதான் குடுப்பேன். கதவுக்கு வெளிய நின்னு பிரிச்சு மாட்டிக்கிட்டு உள்ள போ."

"நான் இன்னைக்குப் போறதைப் பத்திப் பேசல. திடீர்னு குழாய் வெடிச்சா? உள்ள இருக்கறவன் என்ன பண்ணுவான்? விசில் சீலோட கிடந்தான். நீயும் பாத்த."

"பாத்தேன். பாத்ததாலதான் எதையும் படிக்காம ஒன்பது வருஷம் அறுத்துக் குடுத்தேன்."

"அப்ப மறுபடியும் ஒருத்தன் சீலோட கிடக்கட்டுங்கறியா?"

அக்கா வேலைக்காரர்கள் போடும் தடித்த ரப்பர் கையுறையை எடுத்து ஜன்னல் வழியே தள்ளினார். கூடவே ஒரு புது டப்பா. "போட்டுக்கிட்டுப் பிரி. நான் பாக்கணும்."

டப்பாவின் சீல் ஓர் உலோகப் பட்டை. அதன் நுனியில் சுண்டுவிரல்கூட நுழையாத ஒரு சிறு வளையம். தம்பி கையுறையோடு அதைப் பிடித்து இழுத்தான். வழுக்கியது. மறுபடி பிடித்தான், வழுக்கியது. மூன்றாம் முறை டப்பாவே கையை விட்டு எகிறி மேசையில் விழுந்தது. நல்ல வெளிச்சத்தில், நல்ல காற்றில், பதினெட்டு ஆண்டு அனுபவமுள்ள கை அது.

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். விசில் இறந்த பிறகு எத்தனை விசாரணை, எத்தனை அறிக்கை, எத்தனை பேச்சு. அந்த ஒன்பது ஆண்டுகளில் ஓர் அதிகாரியோ, ஒரு மேனேஜரோ, அக்காவோ, தம்பியோ, ஒரு கையுறையைப் போட்டுக்கொண்டு ஒரு சீலை இழுத்துப் பார்த்ததில்லை. விசிலின் பதற்றத்தின் மேல் பழியைப் போட்டு எல்லாரும் கைகழுவிவிட்டார்கள்.

"அவன் கை நடுங்கிச்சுன்னு எழுதினாங்க" என்றான் தம்பி. "நானும் அப்படித்தான் சாட்சி சொன்னேன்."

அக்கா பெட்டி கட்டும் நைலான் கயிற்றில் ஒரு முழம் வெட்டினார். சிறு வளையத்துக்குள் நுழைத்து, நான்கு விரல் தாராளமாகப் போகும்படி பெரிய வளையமாக முடிந்தார். முடிச்சை இடுக்கியால் இழுத்துப் பார்த்தார். டப்பாவைத் திருப்பித் தந்தார்.

"கண்ணை மூடிக்கிட்டு இழு."

தம்பி கண்ணை மூடினான். கையுறை விரல்கள் கயிற்றைத் தேடிப் பிடித்தன. ஒரே இழுப்பில் பட்டை சுருண்டு வந்துவிட்டது.

அவன் கண்ணைத் திறக்கச் சற்று நேரமாயிற்று. பிறகு பிரித்த டப்பாவை முகமூடியில் திருகினான். இந்த டப்பாவோடே உள்ளே போகிறேன் என்றான். அக்கா அதன்மேல் அன்றைய தேதியை மைப்பேனாவால் எழுதினார். ரெட்டையும் ஒரு டப்பாவுக்குக் கயிறு கட்டச் சொல்லி, பிரித்து மாட்டிக்கொண்டு, கதவருகே துணைக்கு நின்றான். அக்கா வெளியே நின்று எண்ணினார். முப்பது கடந்தது. அறுபது கடந்தது. பிறகு அவர் எண்ணுவதை விட்டுவிட்டு, கதவையே முறைத்துக்கொண்டு நின்றார். பதினெட்டு நிமிடம் கழித்துத் தம்பி வெளியே வந்தான். முகமூடியைக் கழற்றினான். கண்கள் வெள்ளையாக இருந்தன.

"வாசனை?"

"துளி இல்ல. வால்வு முடிஞ்சுது."

இன்னும் நெடுநேரம் தாங்கும் டப்பா இது, அடுத்த வேலைக்கு ஆகும் என்றான் ரெட்டை. வாயு பட்ட டப்பா என்று அக்கா அதை வாங்கிக்கொண்டு போய் நடுவில் ஆணியடித்தார்.

மாலையில் மேனேஜர் தாமே ஸ்டோர் ஜன்னலுக்கு வந்தார். இருபத்தாறு ஆண்டுகளில் இது முதல் முறையோ, இரண்டாம் முறையோ. கையில் அக்காவின் கடிதம் இருந்தது. எல்லாம் நல்லபடியாக முடிந்துவிட்டது, தம்பியும் வேலைக்கு வந்துவிட்டான், இனி இது தலைமை அலுவலகம் வரை போவானேன் என்று தணிந்த குரலில் பேசினார். கடிதம் மேலே போனால் அக்காவின் இந்த ஆண்டு ஊதிய உயர்வு நிச்சயம் நின்றுபோகும். இந்த வயதில் அது எதற்கு? கடிதத்தைக் கம்பிகளுக்கு நடுவே நீட்டினார்.

அக்கா அதைத் தொடவில்லை.

"அது உங்ககிட்டயே இருக்கட்டும் சார். மேல அனுப்புங்க."

"உங்களுக்குத்தான் நஷ்டம்."

"எனக்குத்தான். இன்னும் ரெண்டு கிடங்கு இருக்கு நம்ம கம்பெனிக்கு. அங்க எத்தனை டப்பா ஆணியில தொங்குதோ தெரியாது. அந்த ஆளுங்களுக்கு இதை யார் சொல்றது?" அக்கா கடிதத்தின் நகலை எடுத்து மேசையில் விரித்து, பேனாவை அதன்மேல் வைத்து, ஜன்னல் பக்கம் நகர்த்தினார். "பெற்றுக்கொண்டேன்னு எழுதிக் கையெழுத்துப் போடுங்க."

மேனேஜர் சிறிது நேரம் பேனாவையே பார்த்தார். அவருக்குப் பின்னால் கையுறைக்கும் எண்ணெய்க்கும் வந்த நால்வர் நின்றிருந்தார்கள், நால்வரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அவர்களில் தம்பியும் ஒருவன். மேனேஜர் கையெழுத்துப் போட்டார். திரும்பிப் பார்க்காமல் நடந்தார்.

அக்கா நகலைக் கோப்பில் குத்தினார். கோபம் இன்னும் தணிந்தபாடில்லை. நகர்ந்து நகர்ந்து ஜன்னலை மொய்த்துவிட்ட நால்வரையும் பார்த்தார்.

"என்ன, வேடிக்கையா? ஒவ்வொருத்தரா வாங்க. பழசை எடுத்துட்டு வந்தவங்க மட்டும் நில்லுங்க."

தம்பியிடம் பழசு இல்லை. அவன் முணுமுணுத்துக்கொண்டே எடுத்துவரப் போனான்.